குமரிக் கடலில் கதிரவன் மறைவது எப்போது?

சில ஆண்டுகளுக்கு முன், மே மாத விடுமுறையில், எங்கள் கல்லூரி மாணவர்கள் முப்பது பேருடன் கன்னியாகுமரிக்குப் போயிருந்தேன். விடியற்காலையில் எழுந்து கரைக்கு ஓடினோம். கிழக்கே கடல் சிவந்தது. கதிரவன் நீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தான். மாணவர்கள் கைதட்டினார்கள். மாலையில் அதே கரையில், முக்கடல் சங்கமத்துப் படித்துறையில், இடம் பிடித்து உட்கார்ந்தோம். மணி ஆறு ஆயிற்று. கதிரவன் கடலுக்கு நேரே இறங்கவில்லை. வலப்பக்கமாக ஒதுங்கிப் போய், கரையோரத் தென்னை மரங்களுக்குப் பின்னே ஓசையின்றி மறைந்துவிட்டான்.

"சார், காலையில் கடலில் உதித்து மாலையில் கடலிலேயே மறைவதைப் பார்க்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே?" என்று ஒரு மாணவன் கேட்டான். என்னிடம் உடனே பதில் இல்லை. நானும் அந்தப் புத்தகத்தை நம்பித்தான் அவர்களை அழைத்து வந்திருந்தேன். இயற்பியல் கற்பிக்கிறவன், புறப்படுமுன் ஓர் அட்லசையும் பாகைமானியையும் எடுத்து ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் இந்த ஏமாற்றம் நேர்ந்திருக்காது. அந்த ஐந்து நிமிட வேலையை இப்போது நீங்களும் நானும் சேர்ந்து செய்வோம்.

பாகைமானியை எடுங்கள்

தமிழ்நாட்டின் படத்தை விரித்து, குமரிமுனையில் ஒரு புள்ளி வையுங்கள். அதன் வழியே கிழக்கு மேற்காக ஒரு நேர்க்கோடு வரையுங்கள். இனிக் கரையைக் கவனியுங்கள். கிழக்குக் கரை கூடங்குளம், இடிந்தகரை, உவரி, மணப்பாடு என்று வடகிழக்காக ஏறிச் செல்கிறது. குமரிமுனையிலிருந்து அந்த ஊர்களுக்குக் கோடு இழுத்து அளந்தால், அவை கிழக்குத் திசையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 28 முதல் 30 பாகை தள்ளி இருக்கக் காண்பீர்கள். மேற்குக் கரை அப்படி விலகிச் செல்லவில்லை. மணக்குடி, முட்டம் என்று மேற்காகவே நெடுந்தூரம் ஓடுகிறது. முட்டம் முனை, நேர் மேற்கிலிருந்து வடக்கே 11 பாகைதான் தள்ளி இருக்கிறது.

அடுத்தது கதிரவனின் கணக்கு. கதிரவன் எல்லா நாளும் நேர் கிழக்கில் உதிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களையொட்டித்தான் அவன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகிறான். ஜூன் 21 வாக்கில் வடக்கே மிகவும் ஒதுங்குகிறான். டிசம்பர் 22 வாக்கில் தெற்கே. பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதே காரணம். குமரிமுனை பூமத்தியரேகைக்கு 8 பாகைதான் வடக்கே இருப்பதால், அங்கே இந்த ஒதுக்கம் ஏறத்தாழ 24 பாகையோடு நின்றுவிடுகிறது.

இரண்டையும் ஒப்பிடுங்கள். காலையில் கதிரவன் மிக அதிகமாக வடக்கே ஒதுங்கினாலும் 24 பாகை. கரையோ 28 பாகைக்கு அப்பால். ஆகவே ஆண்டின் எல்லா நாட்களிலும் கதிரவன் கடலிலிருந்தே உதிக்கிறான். நான்கு பாகையில் தப்பித்தது! மாலையில் அந்தக் கொடுப்பினை இல்லை. கதிரவன் மேற்கிலிருந்து வடக்கே 11 பாகைக்கு மேல் ஒதுங்கியதும் கரை குறுக்கே வந்துவிடுகிறது. ஏப்ரல் 20 வாக்கில் இது தொடங்குகிறது; ஆகஸ்ட் 23 வாக்கில்தான் முடிகிறது. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கோடை விடுமுறை விடுவது சரியாக இந்த இடைவெளியில்! செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை கதிரவன் மேற்கிற்குத் தெற்கே மறைவதால் அப்போது எதிரே கடல்தான். இடையிலுள்ள வாரங்களில் நீங்கள் கரையில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொஞ்சம் மேற்கே நடந்து போனால் இன்னும் சில நாட்கள் கிடைக்கும்.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை மேகங்கள் தொல்லை தரும். என்னைக் கேட்டால் சனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம் என்பேன்.

சித்திரைப் பௌர்ணமியன்று குமரியில் கூட்டம் அலைமோதும். ஒரு பக்கம் கதிரவன் மறைய, எதிர்ப் பக்கம் முழுநிலா எழுவதை ஒரே இடத்தில் நின்று காண வருகிறார்கள். முழுநிலா என்றாலே அது கதிரவனுக்கு எதிர்ப்புறத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். ஆகவே ஒன்று மறையும் வேளையில் மற்றது எழுவது எல்லாப் பௌர்ணமிக்கும் பொது. சித்திரை என்பது ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை. அப்போது நிலா கடலிலிருந்து எழும். கதிரவனோ பெரும்பாலும் கரைப் பக்கம் போயிருப்பான். இரண்டையும் கடலிலேயே காண வேண்டுமானால் மாசிப் பௌர்ணமிக்குப் போங்கள். கூட்டமும் குறைவு.

கடைசி இரண்டு நிமிடம்

சரியான மாதத்தில் போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கதிரவனின் அடி விளிம்பு கடலைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் கதிரவன் உண்மையில் எங்கே இருக்கிறான்? முழுவதும் தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டான்! நீங்கள் பார்ப்பது காற்று மண்டலம் வளைத்துத் தருகிற தோற்றம். தரையை ஒட்டிய காற்று அடர்த்தி மிக்கது. மேலே போகப் போக அடர்த்தி குறைகிறது. சாய்வாக நுழையும் ஒளிக்கதிர் இந்த அடுக்குகளில் சிறிது சிறிதாக விலகிக் கீழ்நோக்கி வளைகிறது. தொடுவானத்தில் இந்த ஒளிவிலகல் சுமார் 34 கலை. கதிரவனின் வட்டத்தின் அகலம் சுமார் 32 கலைதான். 60 கலை சேர்ந்தது ஒரு பாகை. ஆகவே ஒரு முழுக் கதிரவனையும் காற்று தூக்கிப் பிடித்துக் காட்டுகிறது.

தொட்ட பிறகு முழுவதும் மூழ்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். பூமத்தியரேகைக்கு அருகில் கதிரவன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறான். அதனால் இந்த விரைவு. இலண்டன் போன்ற வடக்கத்தி ஊர்களில் சாய்வாக வழுக்கிக்கொண்டு இறங்குவதால் மூன்று நிமிடத்துக்கும் மேலாகும். அந்தியொளியும் அங்கே நெடுநேரம் நிற்கும். நம் ஊரில் விளக்கேற்றும் வேளை சட்டென்று வந்துவிடுகிறது.

இந்தக் கடைசி விநாடிகளில் நீங்கள் பூமியின் ஆரத்தையே அளந்து பார்க்கலாம். தேவையானவை ஒரு நிறுத்துக் கடிகாரமும் தெளிந்த வானமும்தான். நீர்விளிம்பை ஒட்டிய மணலில் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். கதிரவனின் கடைசித் துளி மறைந்த கணத்தில் கடிகாரத்தை ஓடவிட்டுச் சட்டென்று எழுந்து நில்லுங்கள். கதிரவனின் உச்சி மீண்டும் தெரியும்! அது இரண்டாம் முறை மறையும்போது கடிகாரத்தை நிறுத்துங்கள். (ஒளி குன்றிய கடைசித் துளியை மட்டுமே பார்க்க வேண்டும். உயரத்தில் இருக்கும் கதிரவனை வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது. பைனாகுலரைத் தொடவே கூடாது.)

எழுந்து நின்றதும் உங்கள் பார்வைக் கோடு பூமியை இன்னும் தள்ளி ஓரிடத்தில் தொடுகிறது. ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். பூமியின் ஆரம் ஒரு பக்கம். ஆரத்தோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டியது கர்ணம். தொடுகோடு மூன்றாம் பக்கம். பித்தாகரஸ் தேற்றம் போதும். பூமி அந்தச் சில விநாடிகளில் சுழன்ற கோணத்தை ரேடியனில் எழுதி, அதன் வர்க்கத்தால் கண் உயரத்தின் இரு மடங்கை வகுத்தால் ஆரம் கிடைக்கும். பூமி ஒரு பாகை சுழல 240 விநாடி ஆகிறது. கண் உயரம் 1½ மீட்டர், நேரம் 9½ விநாடி என்றால் விடை சுமார் 6,290 கி.மீ. உண்மையான சராசரி ஆரம் 6,371 கி.மீ. பரவாயில்லையே!

ஆனால் ஒன்றரை விநாடி பிசகி 8 என்று குறித்தீர்களானால் விடை 8,900 கி.மீ. அருகே போய்விடும். படுத்திருக்கும்போது கண் கடல்மட்டத்துக்கு 20 செ.மீ. மேலே இருந்தால்கூடப் போதும், கிடைக்கும் நேரம் 6 விநாடியாகக் குறைந்துவிடும்; ஆகவே அந்த உயரத்தையும் அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும். அலை வேறு வந்து நனைக்கும். இத்தனை சங்கடங்களையும் பட்டியலிட்டு, எது எவ்வளவு பிழை தருகிறது என்று நீங்களே கணக்கிடுவதுதான் இந்தச் சோதனையின் பாதிப் பயன்.

ஊரும் பாறைகளும்

கதிரவனுக்காக வருகிறவர்கள் ஊரையும் பார்க்கத்தான் வேண்டும். குமரிக்குப் பயணிகள் வருவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த எரித்திரேயக் கடல் பெரிப்ளஸ் என்னும் நூல், குமரி என்ற இடத்தையும், துறவு மேற்கொண்ட ஆண்களும் பெண்களும் அங்கே வந்து நீராடுவதையும் குறிப்பிடுகிறது. தாலமியின் நூலிலும் இவ்வூர் உண்டு. பிற்காலத்தில் ஐரோப்பியர் நாவில் குமரி 'கொமோரின்' ஆயிற்று. ஊருக்கு வடகிழக்கே சில கி.மீ. தொலைவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் வட்டக்கோட்டை, 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் டிலனாய் மேற்பார்வையில் வலுப்படுத்தப்பட்டது. இந்த டிலனாய் 1741இல் குளச்சல் போரில் மன்னரிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர்! திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த குமரி, 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது.

கரையிலிருந்து சுமார் அரை கி.மீ. தூரத்தில் இரு பாறைகள். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தவம் செய்த பாறையில் 1970இல் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. அடுத்த பாறையில் 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை. சிற்பி கணபதி ஸ்தபதி. பீடம் 38 அடி, அதாவது அறத்துப்பாலின் அதிகாரங்கள், சிலை 95 அடி, பொருளும் இன்பமும், ஆக 133. அந்த வள்ளுவரின் கண்ணுக்குத் தொடுவானம் எவ்வளவு தூரம்? பூமியின் ஆரத்தையும் உயரத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் காணுங்கள். 40 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 23 கி.மீ. வரும். கரையில் நிற்கும் உங்களுக்கு 4½ கி.மீ.கூட இல்லை.

முன்பெல்லாம் கடல் சற்றுச் சீறினாலும் சிலைக்குப் படகு போகாது. விவேகானந்தர் மண்டபத்தோடு திரும்ப வேண்டியதுதான். 2024 டிசம்பர் 30 அன்று இரு பாறைகளுக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. காலடியில் அலை உடைவதைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். எனக்கு முதல் பத்தடி தைரியம் போதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குமரி மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். செம்மணல், கருமணல் என்று வரிவரியாகக் கிடக்கும். தேவியின் திருமணம் நின்றுபோனதால், சமைக்காமல் விட்ட அரிசியும் பருப்பும் மணலாயின என்பது கோயில் கதை. சிவப்பு மணிகள் கார்னெட், கருப்பு இல்மனைட். சாதாரண வெண்மணலின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு, கார்னெட் சுமார் 4 மடங்கு, இல்மனைட் சுமார் 4.7 மடங்கு. அலை மேலேறும்போது எல்லாவற்றையும் தூக்கி வருகிறது. திரும்பும்போது இலேசானதை மட்டும் இழுத்துச் செல்கிறது. அரிசி களையும்போது கல் அடியில் தங்குகிறதே, அதே வேலைதான். இதே கரையில் மேற்கே மணவாளக்குறிச்சியில், 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு மோனசைட்டைக் கண்டறிந்தார். அன்றைக்கு அதிலுள்ள தோரியம் எரிவாயு விளக்கின் வலைக்குத் தேவைப்பட்டது. இன்றைக்கு அணு உலை விஞ்ஞானிகள் அதன்மேல் கண் வைத்திருக்கிறார்கள்.

மூன்று கடல்கள் கூடுமிடம் என்கிறோம். நீரில் எல்லைக்கோடு எதுவும் இல்லை. பெயர்கள் நாம் வைத்தவை. கடலின் நிறம் இடத்துக்கிடம் மாறித் தெரிவது ஆழம், கலங்கல், வானத்தின் ஒளி ஆகியவற்றால். குமரிக்குத் தெற்கே வாட்ஜ் திட்டு என்னும் ஆழம் குறைந்த கடற்பரப்பு இருக்கிறது. மீன்வளம் மிக்க இது, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி இந்தியாவுக்கு உரியது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது நம் கரை இன்றைய இடத்துக்குத் தெற்கே தள்ளியே இருந்திருக்கும். பெரியதொரு கண்டமே மூழ்கியதற்குக் கடலடி ஆய்வில் சான்று இல்லை. ஆனால் கரை உள்வாங்கியது உண்மை.

அலை வளைந்து வந்த நாள்

2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தது. படத்தில் சுமத்ராவுக்கும் குமரிக்கும் கோடு இழுங்கள். குறுக்கே இலங்கை நிற்கிறது. இலங்கையின் நிழலில் இருக்கும் குமரி தப்பியிருக்க வேண்டும் அல்லவா? தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக மிகுந்த உயிர்களை இழந்தது குமரி மாவட்டம்தான். முனைக்கும் அப்பால், மேற்கே பார்த்து நிற்கும் குளச்சலில் நேர்ந்த அழிவு மிகக் கொடியது. விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டு, பின்னர் மீட்கப்பட்டனர்.

நிழலுக்குள் அலை எப்படி வந்தது? சுனாமி அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கி.மீ. அளவில் பாயும், ஆழம் 40 மீட்டராகக் குறைந்தால் 70 கி.மீ. இலங்கைக் கரையை ஒட்டி வரும் அலைமுகப்பின் ஒரு முனை ஆழமற்ற நீரில் மெதுவாகிறது. கடற்பக்கத்து முனை விரைந்து முந்துகிறது. மாட்டுவண்டியின் ஒரு சக்கரம் மணலில் புதைந்தால் வண்டி அந்தப் பக்கமே திரும்புகிறதல்லவா? அப்படி அலை இலங்கையைச் சுற்றித் திரும்பியது. இதோடு, தடையின் விளிம்பைச் சுற்றி அலைகள் பரவும் விளிம்பு விளைவும் சேர்ந்துகொண்டது. மறைந்த கதிரவனை நமக்குக் காட்டுவதும் இதே போன்ற ஒரு வளைவுதான்; அங்கே ஒளியலை, இங்கே நீரலை. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க இறங்காமல், நேரே மேட்டை நோக்கி ஓடுங்கள். எந்தத் தீவும் கரைக்கு முழுக் கவசம் ஆகாது.

காந்தி மண்டபத்தில் ஒரு புதிர்

காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி 1948 பிப்ரவரி 12 அன்று குமரிக் கடலில் கரைக்கப்பட்டது. அதற்குமுன் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் 1956இல் மண்டபம் எழுந்தது. ஆண்டுதோறும் அக்டோபர் 2 நண்பகலில், கூரையில் உள்ள துளை வழியே கதிரொளி சரியாக அந்த இடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள்.

அன்று கதிரவன் உச்சியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 11½ பாகை சரிந்து நிற்கிறான். உங்கள் கடிகாரத்தின் 12 மணிக்கு அன்று. இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகைக்கு உரியது. குமரி 77½ பாகையில் இருப்பதால் சராசரியாக 20 நிமிடம் பிந்த வேண்டும். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் அக்டோபர் 2 அன்று கதிரவன் சுமார் 11 நிமிடம் முந்திக்கொள்கிறான். ஆகவே அங்கே உண்மை நண்பகல் ஏறத்தாழ 12 மணி 9 நிமிடம்.

இப்போது யோசியுங்கள். தெற்கே போகும் கதிரவன் திரும்பி வடக்கே வரும்போதும் அதே சரிவை ஒருமுறை கடக்க வேண்டுமே! கணக்கிட்டால் அது மார்ச் 11 அல்லது 12. அந்த நாளில் கதிரவன் 10 நிமிடம் பிந்துகிறான்; எனவே நண்பகல் ஏறத்தாழ 12.30. விழாவும் கூட்டமும் இல்லாத அந்த மார்ச் நண்பகலிலும் ஒளி அதே இடத்தில் விழுந்தாக வேண்டும் என்கிறது கணக்கு. மாலையில் கடலில் மறையும் கதிரவனைக் காணவும் மார்ச் மாதத் தொடக்கம் ஏற்றதுதான். அடுத்த முறை மாணவர்களை அந்த வாரத்தில்தான் அழைத்துப் போவதாக இருக்கிறேன். நீங்கள் முந்திக்கொண்டு போனால், 12.20க்கே மண்டபத்துக்குள் போய்த் தரையைக் கவனித்து, ஒளி எத்தனை மணிக்கு எங்கே விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.